அம்மா போட்ட ஓட்டுகள்

அப்பா இறந்து நான்காவது வாரம் எங்கள் வார்டில் கவுன்சில் தேர்தல் வந்தது. அந்த நாட்களைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் அதிகம் இல்லை. காலையில் எழுந்தேன், குளித்தேன், அம்மாவுக்குத் தோசை சுட்டேன். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிறேன். மேலதிகாரி எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டேன். லீவில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்பாவுக்குத் தொண்ணூற்றேழு வயது. கடைசி ஒரு வருஷம் முன் அறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். பராமரிக்க வரும் பெண் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. நான் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தேன், டாக்டர் நேரம் கேட்பார் என்று. பிறகு அந்தப் பெண்ணுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவள்தான் அழுதாள்.

மெல்போர்னிலிருந்து அண்ணன் வந்தான். தகனம் முடிந்து கருமாதி வரை இருந்துவிட்டுப் போனான். கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். கட்டில் போன பிறகு முன் அறை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. அம்மா தன் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளும் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் எல்லோரிடமும் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி சொன்னாள். எழுபது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆமாம் என்றேன்.

நாங்கள் மலேசியாக்காரர்கள். நான் பதினெட்டு வயதில் லண்டனுக்குப் படிக்க வந்தவள், இங்கேயே வேலை கிடைத்து, இங்கேயே கல்யாணம் ஆகி, அது முறிந்து, இங்கேயே தங்கிவிட்டேன். அப்பாவுக்கு எழுபது தாண்டிய பிறகு இருவரையும் என்னோடு அழைத்துக்கொண்டேன். வெம்பிளிக்கு இரண்டு ஸ்டாப் தள்ளி, ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அவர்கள் கடைசி வரை மலேசியப் பாஸ்போர்ட்டை மாற்றவில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்பதால் இங்கே கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடலாம். வந்த புதிதில் அதைக் கேள்விப்பட்டு அப்பா என்னிடம் மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"அப்ப நம்ம ஊர்ல டவுன் கவுன்சிலுக்கு ஓட்டுப் போட முடியாது. இங்க, வெள்ளைக்காரன் ஊர்ல போடலாமா?"

"ஆமாப்பா."

அது உண்மைதான். அறுபதுகளின் நடுவில் எங்கள் நாட்டில் உள்ளூராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். பிறகு திரும்ப வரவேயில்லை. இன்றைக்கும் நகர மன்றங்களில் இருப்பவர்கள் நியமிக்கப்பட்டவர்கள்தாம். அப்பா இங்கே ஒவ்வொரு தேர்தலுக்கும் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். அம்மா கூடப் போவாள்.

அப்பா தேர்தலில் நின்று ஜெயித்தவர். எங்கள் வீட்டுக்கு வந்துபோன எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். ஐம்பதுகளின் நடுவில், மலாயா வெள்ளைக்காரர் கையில் இருந்தபோது, எங்கள் சின்னத் துறைமுகப் பட்டணத்தில் முதன்முதலாக நடந்த தேர்தல் அது. அதுவரை ஊரை நடத்தியது ஒரு போர்டு. தலைவர் வெள்ளைக்கார அதிகாரி. உறுப்பினர்களை அவரே நியமிப்பார். ரப்பர்க் கம்பெனி மேனேஜர் ஒருவர், தவுக்கே என்று சொல்லும் சீன முதலாளி ஒருவர், மலாய்க்காரப் பெரிய மனிதர் ஒருவர், வட்டிக்கடைச் செட்டியார் ஒருவர். அவர்கள் மாதம் ஒரு முறை கூடி, அதிகாரி சொன்னதைக் கேட்டுவிட்டுக் கலைவார்கள். பிறகு சட்டம் மாறியது. பட்டணத்தை வார்டுகளாகப் பிரித்தார்கள். சில இடங்களுக்கு ஜனங்களே ஆள் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். தலைவர் என்னவோ அதே அதிகாரிதான்.

அப்பா அப்போது ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார். இந்தியர் கிளப்பில் எல்லோருமாகச் சேர்ந்து அவரை நிற்கச் சொன்னார்கள். அவர் அந்தக் கதையைச் சொல்லும்போது எழுந்து நின்றுகொள்வார். வாக்காளராகப் பெயர் பதிய ஜனங்களைச் சம்மதிக்க வைப்பதே பெரிய பாடாக இருந்ததாம். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த காலம். சர்க்கார் காகிதத்தில் பெயர் ஏறினால் வரி வரும், போலீஸ் வரும் என்று பயந்தார்கள். அப்பா வீடு வீடாகப் போனார். மூன்று மொழியில் பேசினார். இனி இந்த ஊரை நாமே ஆளப் பழகுவோம், இது முதல் படி என்று பேசினார். ஜெயித்தார். தோளில் தூக்கிக்கொண்டு பசார் முழுக்கச் சுற்றினார்கள். மாலையோடு எடுத்த படம் எங்கள் முன் அறையில் தொங்குகிறது.

அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் அம்மா டீ போடப் போய்விடுவாள். பல தடவை கேட்ட கதை, அலுத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கதை மாலையோடு முடிந்துவிடும். அப்புறம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், "மூணு வருசம் கவுன்சிலரா இருந்தேன். அப்புறம் கம்பெனி வேற ஊருக்கு மாத்திடுச்சு" என்பார்.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு பிற்பகல், கதவு தட்டப்பட்டது. எங்கள் தெருவிலேயே கடைசி வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்தவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், கணக்காளர் வேலை. அவர் இந்தத் தடவை வேட்பாளர் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வேட்பாளர்கள் இங்கே சட்டையில் குத்திக்கொள்ளும், கட்சி நிற ரிப்பனில் செய்த ரோஜாப்பூப் பட்டியைக் குத்தியிருந்தார். என்னைக் கண்டதும் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அக்கா, ஐயா மோசம் போனது கேள்விப்பட்டனான். வரவேணும் எண்டு நினைச்சனான், நேரம் கிடைக்கேல்லை. குறை நினைக்காதேங்கோ."

உள்ளே கூப்பிட்டேன். அவர் அப்பாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். தேர்தலைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அம்மாதான் கேட்டாள்.

"எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களாமே?"

"ஓம் அம்மா. அதைப் பற்றிக் கதைக்க இப்ப வரேல்லை."

"பேசுங்க, அதுக்கென்னா. ரோட்டப் பாத்துட்டுத்தான வந்தீங்க. பின்னால சந்து இருக்கே, அதப் பாத்தீங்களா?"

"பின் ஒழுங்கையோ? இல்லை அம்மா, பாக்கேல்லை."

"பாத்துட்டு வந்து பேசுங்க."

எனக்குச் சங்கடமாக இருந்தது. விடுங்க தம்பி, என்றேன். அவர் எழுந்துவிட்டார். "இல்லை அக்கா, அம்மா சொல்லுறது சரிதானே. எந்தப் பக்கத்தாலை போறது?"

சமையலறைக் கதவைத் திறந்து, தோட்டத்தின் மூலையில் இருக்கும் மரப்படலைக் காட்டினேன். இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே ஓடும் சந்து அது. நானே அங்கே போய்ப் பல மாதங்களாகிவிட்டன. அம்மா போயே வருஷங்கள் ஆகியிருக்கும். நல்ல சப்பாத்தும் காற்சட்டையுமாக அவர் உள்ளே நுழைந்தார். திரும்பி வந்தபோது கணுக்கால் வரை சேறு. சப்பாத்தைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார்.

"பாத்திட்டன் அம்மா. பழைய பிரிட்ஜ் ஒண்டு கிடக்குது, ரெண்டு மெத்தை கிடக்குது. மழைத்தண்ணி ஓட இடமில்லாமல் நிக்குது. மணக்குது. ஆனால் அது தனியார் நிலம், இந்த வீட்டுக்காரர் எல்லாரும் சேந்துதான் செய்விக்க வேணும். நான் வெண்டாலும் தோத்தாலும் கவுன்சிலோடை கதைக்கிறன். உடனை சரிவரும் எண்டு சொல்ல ஏலாது."

"சரி. நீங்க போயிட்டு வாங்க."

"வாறன் அம்மா."

அவர் போன பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அம்மாவின் அந்த வார மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். கை தன்பாட்டில் செய்கிற வேலை. அம்மா தன் நாற்காலியிலிருந்து எழுந்து, கோலை ஊன்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் உங்கப்பாவுக்கு ஓட்டுப் போடல" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. இங்கே நடக்கப்போகும் தேர்தலைப் பற்றி ஏதோ குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். வயதானவர்களுக்குத் துக்கத்தில் அப்படி ஆகும். அது சம்பந்தமாக எழுதிக் கொடுக்கும் மருந்துகளின் பெயர்கள்கூட மனதில் ஓடின.

"எந்த ஓட்டும்மா?"

"அந்த மொத ஓட்டு. அவரு ஜெயிச்சாரே, அது."

மாத்திரை அட்டையைக் கீழே வைத்தேன். அம்மா குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. பால் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

அண்ணனுக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்து இறந்தது எனக்குத் தெரியும். ஒரு வரியாக மட்டும் தெரியும். யாராவது பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால், "மூணு, மூத்தது தங்கல" என்று அம்மா சொல்வாள். ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பையன். பத்து மாசம். தவழ்ந்துக்கிட்டிருந்தான்."

கம்பெனி கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் அவர்கள் இருந்தார்கள். முன்பக்கம் சடக்கு, அதாவது பெரிய ரோடு. பின்பக்கம் ஒரு சந்து, சந்து நெடுகத் திறந்த சாக்கடை. அது கடலில் போய் விழும். கடல் பொங்கும் நாட்களில் தண்ணீர் சாக்கடை வழியாகத் திரும்பி ஏறி, சந்தை நிறைத்து, சமையலறைக்குள் வந்துவிடும். வடிந்த பிறகு அம்மா தரையைத் தேய்த்துக் கழுவுவாள். எவ்வளவு தேய்த்தாலும் வழவழப்புப் போகாதாம். அந்தத் தரையில்தான் பையன் தவழ்ந்தான். வயிற்றுப்போக்கு வந்தது. பிரசவம் பார்த்த சீனத்து மிசியைக் கூட்டிவந்தார்கள். நர்ஸை அங்கே மிசி என்பார்கள். அவள் சைக்கிளில் வந்து, குழந்தையைப் பார்த்துவிட்டு, சமையலறை வழியாகப் பின்னால் போய்ச் சந்தைப் பார்த்தாள். திரும்பி வந்து, இந்தத் தரையில் பிள்ளையை விடாதே என்றாள்.

"விட வேற இடம் எங்க இருக்கு?" என்றாள் அம்மா என்னிடம், நான்தான் மிசி என்பதுபோல.

நான்காம் நாள் பையன் போய்விட்டான்.

"அப்பா என்ன செஞ்சாரு?"

"போர்டுக்கு எழுதிப் போட்டாரு. நல்லா எழுதுவாரே. பதில் இல்ல. அப்புறம் வேலைக்குப் போனாரு, கிளப்புக்குப் போனாரு. சந்துப் பக்கம் போகல. நானும் ஒண்ணும் கேக்கல. ஒரு வருசம் கழிச்சு எலெக்‌ஷன் வந்துச்சு."

அப்பாவை எதிர்த்து அந்த வார்டில் நின்றது ஒரே ஆள். அந்த மிசி. அப்பா சொன்ன கதையில் எதிர்த்து நின்றவரைப் பற்றி ஒரு வார்த்தையும் வந்ததில்லை. எழுபது வருஷக் கதையில் எதிராளி யாரென்று நாங்கள் யாரும் கேட்கவுமில்லை.

"அவங்க என்ன பேசுனாங்க?"

"மேடையெல்லாம் போட்டுப் பேசல. வீடு வீடா வந்துச்சு. பின்பக்கமாத்தான் வரும். சாக்கடை, தண்ணிக் குழாய், கக்கூஸ் வாளி எடுக்கிற ஆளுங்க வாரத்துக்கு எத்தன நாளு வரணும், இதான் பேச்சு. உங்கப்பா வீட்டுக்குள்ள கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பழகுவாரு. நான் சமைச்சுக்கிட்டே கேப்பேன். நாட்டப் பத்திப் பேசுவாரு, ஆட்சியப் பத்திப் பேசுவாரு. நல்லாத்தான் இருக்கும். எங்கயாச்சும் அந்தச் சாக்கடை வருதான்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். வரல."

அம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுக்குள்தான். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ஓட்டுச் சீட்டில் பெயர் இங்கிலீஷில் இருக்கும் என்பதால், அப்பா தன் பெயரைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் காட்டினார். முதல் எழுத்தை அடையாளம் வைத்துக்கொள், அதற்கு நேராகச் சிலுவைக்குறி போடு என்றார். இரண்டு மூன்று நாள் அம்மாவைப் பழக்கினார். ஓட்டுப் போடும் இடம் மலாய்ப் பள்ளிக்கூடம். வாசலில் துப்பாக்கியோடு போலீஸ்காரர் நின்றாராம். இந்தியப் பெண்கள் நாலைந்து பேர்தான் வரிசையில்.

"சீட்ட வாங்கிட்டுப் போனேன். அவரு எழுத்து எங்க இருக்குன்னு தேடினேன். மேல இருந்துச்சு. சரி, இது அவரு. அப்ப கீழ இருக்கிறது மிசி. கீழ போட்டேன்."

"பயமா இல்லையா?"

"இல்ல. ஒண்ணும் தோணல."

அப்பா ஜெயித்தார். தோளில் தூக்கிச் சுற்றியது, மாலை, படம் எல்லாம் நடந்தது. ஊரடங்குக்கு முன்னால் ஆட்கள் கலைந்து போன பிறகு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். மாலையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார். சிரித்துக்கொண்டே, விளையாட்டாகத்தான் கேட்டாராம், சரியா என் எழுத்தப் பாத்துப் போட்டியா என்று.

அம்மா சொல்லிவிட்டாள். பாத்தேன், மத்ததுல போட்டேன், என்று.

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் மாத்திரை டப்பாவின் மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"சோறு போடச் சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"சாப்பிட்டாரு. படுத்துட்டாரு. மறுநாள் தண்ணி ஏறுற நாளு. காலையில நான் அடுப்புக்கிட்ட இருக்கேன். எந்திரிச்சு வந்தாரு, காற்சட்டைய முழங்காலுக்கு மடிச்சு விட்டாரு, பின்கதவத் தொறந்து சந்துல எறங்கிட்டாரு. தண்ணி வடியிற வரைக்கும் நின்னாரு. வெளிய வேலைக்குப் போறவங்கல்லாம் பாத்துட்டுப் போனாங்க, நேத்து மாலை போட்ட கவுன்சிலரு சாக்கடையில நிக்கிறாரேன்னு. உள்ள வந்து கால் கழுவிட்டு வேலைக்குப் போயிட்டாரு."

அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. பையனைப் பற்றியும்தான். ஆனால் அதற்குப் பிறகு அப்பா கவுன்சில் கூட்டங்களில் அந்தச் சாக்கடையைத் தவிர வேறெதையும் பேசவில்லையாம். தலைவராக இருந்த வெள்ளைக்கார அதிகாரி, இந்த வருஷத்து ஒதுக்கீட்டில் இடமில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். அடுத்த கூட்டத்தில் அப்பா மறுபடி எழுந்திருப்பார். கிளப்பில் அவருக்குச் சாக்கடைக் கவுன்சிலர் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தோற்ற மிசி மாதத்தில் ஒரு நாள் சைக்கிளில் வந்து, என்ன ஆயிற்று என்று கேட்பாள். வாசலில் நாற்காலி போட்டு இருவரும் பேசுவார்கள். அம்மா இருவருக்கும் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பாள்.

சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரர் போய் நம் ஆள் தலைவராக வந்தார். அவரும் அடுத்த வருஷம் என்றுதான் சொன்னார். கடைசியில் ஒரு வழியாகப் பணம் ஒதுக்கி, சிமெண்டில் கட்டி மேலே பலகைக்கல் போட ஆரம்பித்தார்கள். பாதிச் சந்து முடிந்தபோது அப்பாவின் மூன்று வருஷம் முடிந்தது. மறுபடி தேர்தல்.

"மறுபடி நின்னாரா? அப்பா சொன்னதே இல்லையே" என்றேன்.

"தோத்தத யாரு சொல்லுவா? நின்னாரு. மிசியும் நின்னுச்சு. மத்த தெரு ஆளுங்களுக்கெல்லாம் உங்கப்பா மேல கோவம். ஒன் வீட்டுக்குப் பின்னால மட்டும்தான் பாத்துக்கிட்ட, எங்களுக்கு என்னா செஞ்சன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதும் நாயந்தான். மிசி ஜெயிச்சிருச்சு. நல்லாவே ஜெயிச்சிருச்சு. மீதிச் சாக்கடைய அதான் கட்டுச்சு."

நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"அந்தத் தடவ உங்கப்பாவுக்குத்தான் போட்டேன்."

வெளியே பஸ் ஒன்று நின்று கிளம்பியது. வீட்டுக்குள் குளிர்ப்பெட்டியின் இரைச்சல் கேட்டது. ஏதாவது உணர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில் எதுவுமில்லை. வாயில் ஊசி போட்ட பிறகு பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தால், பல் இருப்பது தெரியும், வேறொன்றும் தெரியாது. அப்படி இருந்தது.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"கேக்கல."

"நீயே சொல்லியிருக்கலாம்ல."

"தோத்துட்டு வந்து உக்காந்திருக்காரு. அவருகிட்டப் போயி நான் ஒங்களுக்குத்தான் போட்டேன்னு சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னுதான நெனப்பாரு? நம்பவா போறாரு? ஜெயிச்சப்ப உண்மையச் சொன்னவ, தோத்தப்ப சொல்றது உண்மையான்னு அவருக்கு எப்படித் தெரியும்?" மாத்திரை டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். "அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். உங்கண்ணன் பொறந்தான். வேற ஊருக்கு மாத்திட்டாங்க. நீ பொறந்த. எலெக்‌ஷனே இல்லாமப் போச்சு. பேச்சு அங்க போகவே இல்ல."

இங்கே வந்த பிறகு, இத்தனை தேர்தலுக்கு இருவரும் சேர்ந்து நடந்து போயிருக்கிறார்கள். போகும் வழியிலாவது அந்தப் பேச்சு வந்திருக்கலாம். வரவில்லையாம். திரும்பி வரும்போது அப்பா அவளிடம் யாருக்குப் போட்டாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இங்குள்ள எங்கள் ஊர்க்காரர்களின் வீடுகளில் புருஷன் சொல்லும் ஆளுக்குத்தான் பெண்டாட்டி போடுவாள். எங்கள் வீட்டில் மட்டும் அப்பா அம்மாவுக்கு எதையும் சொன்னதில்லை. அவருடைய பெருந்தன்மை என்று நான் சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தேர்தல் நாளன்று நல்ல வெயில். அம்மாவைத் தள்ளுநாற்காலியில் கூட்டிப்போகலாம் என்றிருந்தேன். நடந்துதான் வருவேன் என்றாள். புடவைக்கு மேல் கம்பளிச் சட்டை, காலுறை, சப்பாத்து. கைப்பையில் பாஸ்போர்ட். பத்து நிமிஷ நடை எங்களுக்கு அரை மணிக்கு மேல் ஆனது. ஒவ்வொரு வீட்டு மதிலையும் பிடித்து நின்று நின்று வந்தாள்.

ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் ஓட்டுப்பதிவு. முக்காடு போட்ட இளம்பெண் ஒருத்தி பாஸ்போர்ட்டைப் பார்த்து, பட்டியலில் அம்மாவின் பெயரைக் கோடிட்டாள். அதற்கு மேல் வரியில் அப்பாவின் பெயர் இருந்தது. அவர் இறந்ததைப் பதிவு செய்திருந்தேன், ஆனால் பட்டியல் அதற்கு முன்பே அச்சாகியிருக்கும். அந்தப் பெண் நிமிர்ந்து, அவரும் வருகிறாரா என்று சாதாரணமாகக் கேட்டாள். இல்லை என்றேன். வேறு விளக்கம் சொல்லத் தோன்றவில்லை.

வார்டுக்கு மூன்று பேர் என்பதால் சீட்டு நீளமாக இருந்தது. மூன்று குறி வரை போடலாம், ஒன்று போட்டாலும் செல்லும் என்று அவள் அம்மாவுக்கு மெதுவாக எடுத்துச் சொன்னாள். நான் உதவட்டுமா என்று கேட்டேன். அம்மா தலையாட்டி மறுத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனாள். அவளுடைய முதுகும் கோலும் மட்டும் தெரிந்தன. ரொம்ப நேரம் நின்றாள். பின்னால் வரிசை சேர்ந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை. நான் என் சீட்டில் குறி போட்டேன். யாருக்குப் போட்டேன் என்று இப்போது எனக்கு நினைவில்லை. நினைவில்லாமல் போகும் விஷயம் இல்லை, ஆனாலும் இல்லை.

வெளியே, கேட்டுக்கு அப்பால், எங்கள் தெருக்காரர் ரோஜாப்பூப் பட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, நடந்தே வந்தனீங்கள்? நான் காரிலை கொண்டுபோய் விடுறன், வாங்கோ."

"வேணாம்ப்பா. நீங்க இங்க நில்லுங்க. ஜனங்க வர்ற நேரம்."

அவர் யாருக்கு என்று கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. வழியில் ஒரு மதிலோரம் நின்று மூச்சு வாங்கியபோது, "ஒண்ணுதான் போட்டேன்" என்றாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. அந்த வழக்கம் எனக்கும் வந்திருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் முடிவு தெரிந்தது. அவர் ஜெயித்திருந்தார், மூன்று பேரில் கடைசி ஆளாக. அம்மாவிடம் சொன்னேன். அப்படியா என்றாள். அடுத்த மாதம் அவர் எங்கள் வரிசை வீட்டுக்காரர்களைக் கூட்டிப் பேசினார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு லாரி பிடிப்பதென்று முடிவானது. பிரிட்ஜ் போனது, மெத்தைகள் போயின. தண்ணீர் இன்னும் தேங்குகிறது. அதற்குத் தரையை உடைக்க வேண்டுமாம், அதில் இரண்டு வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. அவர் வாரம் ஒருமுறை அவர்கள் வீட்டு மணியை அடித்துக்கொண்டிருக்கிறார்.

நான் வேலைக்குத் திரும்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் பேசியபோது அம்மா சொன்னதையெல்லாம் அவனிடம் சொன்னேன். மிசி, பையன், இரண்டு ஓட்டு, எல்லாவற்றையும்.

"எந்தச் சாக்கடை?" என்றான்.

"பழைய வீட்டுக்குப் பின்னால. சிமெண்ட் போட்டு மூடினாங்களாம்."

"அதா? எனக்கு அந்த வீடே ஞாபகமில்ல. அது மேலதான் நான் நடக்கப் பழகுனேன்னு அப்பா ஒரு தடவ சொன்னாரு. வேறொண்ணும் சொல்லல." பிறகு, "நமக்கு முன்னால இருந்தது பையனா?" என்று கேட்டான்.

"ஆமா. பத்து மாசம்."

"ஓ."

மெல்போர்னில் குளிர் ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னான். இங்கே மழை என்றேன். அம்மாவிடம் கொடு என்றான். போனைக் கொண்டுபோய் அவள் காதோரம் வைத்தேன். என்ன சாப்பிட்டாய் என்று அவனைக் கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். சரி, ஒடம்பப் பாத்துக்க என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினாள். நான் சமையலறைக்குப் போய், மறுநாள் தோசைக்கு அரிசியும் உளுந்தும் ஊற வைத்தேன்.